சத்தமில்லாத ஹோம் தியேட்டர் கணினி: வாட் கணக்கிலிருந்து தொடங்குவோம்

படத்தில் இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் காட்சி வரும்போதுதான் டிவிக்குக் கீழே இருக்கும் கணினியின் ஃபேன் காதில் விழும். உடனே பலரும் விலை கூடிய ஃபேனைத் தேடிப் போகிறார்கள், பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் ஒட்டுகிறார்கள். இரண்டுக்கும் கொஞ்சம்தான் பலன். கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. வெப்பத்தை வெளியேற்றக் காற்று ஓட வேண்டும். காற்று ஓடினால் சத்தம் வரும். வெப்பம் பாதியானால் தேவையான காற்றும் பாதி, காற்று பாதியானால் ஃபேன் வேகமும் பாதி, வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். இவ்வளவு பெரிய இறக்கத்தை எந்த விலையுயர்ந்த ஃபேனாலும் தர முடியாது. அதனால் அமைதியை ஃபேன் வாங்கும்போது தேடாமல், ப்ராசஸரும் பவர் சப்ளையும் தேர்ந்தெடுக்கும்போதே தேட வேண்டும்.

எந்த வாட்டைப் பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ப்ராசஸர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிடிபி எண், முழுச் சுமையில் தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு வெப்பத்துக்குக் கூலர் தயாராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. படம் பார்க்கும் கணினி முழுச் சுமையில் ஓடுவதே அபூர்வம். அது வாழ்நாளில் பெரும்பகுதியைச் சும்மா இருப்பதிலும், மீதியைப் படம் ஓட்டுவதிலும் கழிக்கிறது. ஆகவே நமக்கு வேண்டிய எண்கள் இரண்டு: சும்மா இருக்கும்போது சுவர் பிளக்கில் எவ்வளவு, 4கே படம் ஓடும்போது சுவர் பிளக்கில் எவ்வளவு. முதல் எண்ணை 10 வாட்டுக்குள்ளும் இரண்டாவதை 20 வாட்டுக்குள்ளும் வைக்க இன்று முடியும்.

இதனால்தான் குறைந்த வாட் என்று விற்கப்படும் இன்டெல்லின் ‘டி’ வகை ப்ராசஸர்களைத் தேடி அலைய வேண்டாம் என்கிறேன். ஐ3-12100 என்ற சிப்பின் அடிப்படை அளவு 60 வாட், ஐ3-12100டி-யின் அளவு 35 வாட். இரண்டும் ஒரே சிப்தான். சும்மா இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும். வேறுபாடு உச்சவரம்பில் மட்டும். அந்த வரம்பை மதர்போர்டின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) நாமே வைத்துக்கொள்ளலாம்: பிஎல்1 என்ற நீண்ட நேர வரம்பை 35 வாட், பிஎல்2 என்ற குறுகிய நேர வரம்பை 45 வாட் என்று மாற்றினால் போதும். ஆனால் வாங்கும் முன் அந்தப் போர்டின் பயாஸில் இந்த இரண்டு அமைப்புகளும் திறந்திருக்கின்றனவா என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ‘எஃப்’ என்று முடியும் சிப்களில் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவென்று அதை வாங்கினால் தனி கிராபிக்ஸ் கார்டு போட வேண்டிவரும், மிச்சம் பிடித்த வாட் எல்லாம் அதிலேயே போய்விடும்.

படம் ஓட்டும் வேலையைச் செய்வது ப்ராசஸரின் பொதுக் கோர்கள் அல்ல. சிப்புக்குள் தனியாக இருக்கும் வீடியோ டிகோடர். கோப்பின் கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கிய முறையை, அது அறிந்திருந்தால் கோர்கள் தூங்கிக்கொண்டே இருக்கும். அறியாவிட்டால் அத்தனை கோர்களும் விழித்தெழுந்து ஓடும். வாட் மும்மடங்காகும், ஃபேன் கத்தும், அப்போதும் படம் திக்கும். ஆகவே டிகோடர் பட்டியல்தான் முதல் சல்லடை. 4கே எச்டிஆர் (ஒளி-இருள் வீச்சு விரிந்த) படங்கள் பெரும்பாலும் ஹெச்இவிசி என்ற கோடெக்கில் 10 பிட்டில் வருகின்றன. இன்டெல்லில் இது 7-ஆம் தலைமுறையில்தான் முழுமையாக வன்பொருளுக்குள் வந்தது. 6-ஆம் தலைமுறைச் சிப்கள் 8 பிட்டோடு நின்றுவிடும். ஏவி1 கோடெக்குக்கு இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை வேண்டும். ஏஎம்டி-யில் ரைசன் 5600ஜி, 5700ஜி போன்றவற்றுக்கு ஏவி1 தெரியாது. 8500ஜி, 8600ஜி-க்குத் தெரியும். யூடியூபில் ஏவி1 பெருகிவரும் நிலையில், புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயத் தகுதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கு: பழைய அனிமே கோப்புகளில் பரவலாக இருக்கும் ஹெச்.264 10 பிட். கிட்டத்தட்ட எந்த டிகோடரும் இதை எடுத்துக்கொள்வதில்லை, வேலை கோர்களின் தலையில் விழும். 1080பி அளவில் இன்றைய சிறு சிப்களே அதைத் தாங்கும் என்பதால் இதற்காகப் பெரிய சிப் வாங்க வேண்டியதில்லை.

இந்தச் சல்லடையில் தேறுவதில் எனக்கு முதல் தேர்வு இன்டெல் என்100. 2023-இல் வந்தது, நான்கு சிறு கோர்கள், டிடிபி 6 வாட். ஹெச்இவிசி 10 பிட், விபி9 (யூடியூபில் வரும் இன்னொரு கோடெக்), ஏவி1 மூன்றையும் டிகோடரே பார்த்துக்கொள்ளும். நல்ல போர்டில் ஒரு எஸ்எஸ்டியோடு சும்மா இருக்கும்போது சுவரில் 6 முதல் 10 வாட், 4கே படம் ஓடும்போது 10 முதல் 15 வாட் என்ற அளவில் நிற்கும். 6 வாட் என்ற எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பல மினி பிசி தயாரிப்பாளர்கள் பிஎல்2-ஐ 25 வாட் வரை திறந்துவிடுகிறார்கள். மெனுவில் விரல் வைத்த நொடியில் ஃபேன் விர்ரென்று எழுவதற்கு அதுதான் காரணம். பயாஸில் 10 அல்லது 12 வாட்டுக்கு இறக்கிவிட்டால் படம் ஓடுவதில் எந்த மாற்றமும் தெரியாது.

என்100 போதாமல் போகும் இடமும் உண்டு. எச்டிஆர் படத்தை எச்டிஆர் இல்லாத டிவியிலோ புரொஜெக்டரிலோ பார்ப்பதானால் ஒளிவீச்சைச் சுருக்கி மாற்ற வேண்டும். எம்பிவி போன்ற பிளேயரில் இதை உயர்தரத்தில் செய்வது டிகோடரின் வேலை அல்ல, கிராபிக்ஸ் கோர்களின் வேலை. என்100-இல் 24 கிராபிக்ஸ் அலகுகள் 750 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஓடும், நினைவகமும் ஒற்றைச் சேனல், அதாவது ஒரே பாதை. ஐ3-12100-லும் அதே 24 அலகுகள்தான், ஆனால் 1.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும், நினைவகம் இரட்டைச் சேனல். இந்தத் தேவை உள்ளவர்கள் மட்டும் அங்கே போகலாம். அப்படிப் போனால் ஒரே பெரிய மெமரி ஸ்டிக்கைப் போடாமல் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போடுங்கள். ஒற்றை ஸ்டிக்கில் இரட்டைச் சேனலின் பயன் முழுவதும் வீண்.

ஏஎம்டி பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரில் ‘ஜி’ உள்ளவை பெரும்பாலும் ஒரே சிலிக்கான் துண்டில் செய்யப்பட்டவை, சும்மா இருக்கும்போது அடக்கமாக இருக்கும். ரைசன் 7600 போன்றவை இரண்டு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டவை. அவற்றை இணைக்கும் பாதையும் உள்ளீட்டு வெளியீட்டுத் துண்டும் ஓய்விலும் விழித்திருப்பதால் சுவரில் பத்து வாட்டுக்கு மேல் கூடுதலாகத் தெரியும். நாள் முழுவதும் ஓடும் கணினியில் 10 வாட் என்பது ஆண்டுக்கு 87.6 கிலோவாட் மணி.

தனி கிராபிக்ஸ் கார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வேண்டாம். ஃபேன் இல்லாத ஜிடி 1030-க்கு ஏவி1 தெரியாது. இன்டெல் ஆர்க் ஏ380-க்கு எல்லாம் தெரியும், ஆனால் பயாஸில் ஏஎஸ்பிஎம் (சும்மா இருக்கும் கார்டு இணைப்பைத் தூங்கவைக்கும்) அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் சும்மா இருந்தே ஒரு முழு என்100 கணினியைவிட அதிகம் குடிக்கும்.

ஹெச்டிஎம்ஐ துளையையும் பார்த்தே வாங்க வேண்டும். 10-ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் டெஸ்க்டாப் சிப்கள் தாமாகத் தருவது ஹெச்டிஎம்ஐ 1.4 மட்டுமே, 4கே அதில் நொடிக்கு 30 சட்டகத்தோடு நிற்கும், எச்டிஆரும் வராது. சில போர்டுகளில் தனிச் சிப் ஒன்றை வைத்து 2.0 ஆக்கியிருப்பார்கள். 2.0 இருந்தால் திரைப்படங்களுக்கு முழுத் திருப்தி: நொடிக்கு 24 சட்டகத்தில் 4கே 12 பிட் வண்ணம் குறையின்றிப் போகும். நொடிக்கு 60 சட்டகத்தில் 10 பிட் வேண்டுமானால் வண்ணத்தை 4:2:2 ஆக (வண்ண விவரம் பாதியாக) குறைத்தே அனுப்ப வேண்டியிருக்கும். சோபாவிலிருந்து வேறுபாடு தெரியாது. டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி ஒலிகளை ரிசீவருக்கு அப்படியே அனுப்பவும் ஹெச்டிஎம்ஐதான் வழி. ஆப்டிகல் கேபிளில் இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத ஒலி) அல்லது பழைய சுருக்கிய 5.1 மட்டுமே போகும்.

இனி பவர் சப்ளை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படிக்கட்டும். டெஸ்க்டாப் பெட்டிக்குள் வைக்கும் வழக்கமான 550 வாட் ஏடிஎக்ஸ் சப்ளைக்கு 80 பிளஸ் கோல்டு என்ற திறன் முத்திரை இருக்கலாம். அந்தச் சோதனை நடப்பது 20, 50, 100 சதவீதச் சுமைகளில். 550-இல் 20 சதவீதம் என்பது 110 வாட். நம் கணினிக்கு வேண்டியது 15 வாட், அதாவது 3 சதவீதத்துக்கும் கீழே. முத்திரை அந்த இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அங்கே திறன் 60 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 15 வாட்டுக்காகச் சுவரில் 25 வாட் இழுக்கும், 10 வாட் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகும். லேப்டாப்புக்குத் தருவது போன்ற வெளி அடாப்டர் 88 சதவீதத் திறனில் அதே வேலையை 17 வாட்டில் முடிக்கும், வீணாகும் 2 வாட்டும் பெட்டிக்கு வெளியே போய்விடும். குறைந்த வாட் சிப் ஒன்றைப் பார்த்துப் பார்த்து வாங்கி, அதைப் பெரிய ஏடிஎக்ஸ் சப்ளையோடு கோப்பது அந்த உழைப்பையே வீணாக்கும்.

நல்ல வழிகள் இரண்டு. அடாப்டரை நேரடியாகச் செருகும் துளை உள்ள மதர்போர்டு. அல்லது மதர்போர்டின் 24 பின் மின் இணைப்பிலேயே உட்கார்ந்துகொள்ளும் பிகோ பிஎஸ்யு வகைச் சிறு பலகை. முன்னதற்குப் பல போர்டுகளில் 19 வோல்ட் வேண்டும், பின்னதன் எளிய வகைக்கு 12 வோல்ட். 12 வோல்ட் பிகோ பலகை அந்த 12-ஐத் திருத்தாமல் அப்படியே போர்டுக்கும் டிஸ்குக்கும் கடத்துகிறது, ஆகவே 19 வோல்ட் அடாப்டரை அதில் மாட்டினால் எல்லாம் கருகும். தரக்குறைவான 12 வோல்ட் அடாப்டர் சுமை ஏறும்போது 11.4-க்குக் கீழே இறங்கினால் கணினி காரணம் தெரியாமல் மறுதொடக்கமாகும்.

பிளக் முனையின் அளவும் கவனத்துக்குரியது. 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில் 2.1, 2.5 என்று இரண்டு உள்விட்டங்கள் உண்டு. 2.5 பிளக் 2.1 துளையில் நுழைந்துவிடும், ஆனால் தளர்வாகத் தொடும். சுமை ஏறும்போது முனை சூடாகி மின்சாரம் விட்டுவிட்டு வரும். அடாப்டரின் அளவைக் கணக்கிட, உச்சங்களைக் கூட்டுங்கள். என்100 போர்டு 30 வாட், எஸ்எஸ்டி 5, யுஎஸ்பி பொருட்கள் 5, மொத்தம் 40. 60 வாட் அடாப்டர் போதும். உள்ளே ஒரு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் இருந்தால் அது சுழலத் தொடங்கும் நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் கேட்கும், அதாவது இன்னொரு 24 வாட். அப்போது 90 வாட் வாங்குங்கள். ‘ஆன் செய்தவுடன் அணைகிறது, மறுமுறை அழுத்தினால் ஓடுகிறது’ என்ற புகார்கள் பலவற்றின் வேர் இந்தத் தொடக்க இழுப்புதான். அடாப்டரின் லேபிளில் ரோமன் எண் 6 அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சுமையில்லாதபோது வீணடிப்பது மிகக் குறைவு என்பதற்கு அது அடையாளம்.

ஹார்டு டிஸ்க்கை முடிந்தால் படம் பார்க்கும் அறையிலேயே வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 7200 சுழற்சி ஓடும் டிஸ்க் சும்மா சுழன்றுகொண்டே 4 முதல் 6 வாட் எடுக்கும், அதன் அதிர்வு பெட்டியின் தகடு வழியே மேசைக்கு இறங்கி ஹம் என்று ஒலிக்கும். படங்களை இன்னொரு அறையில் நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பகத்தில்) வைத்து கிகாபிட் கேபிளில் இழுப்பது நல்லது. 100 மெகாபிட் இணைப்பு போதாது. 4கே புளூ-ரே தரக் கோப்புகளில் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டும் கணங்கள் உண்டு, அங்கே படம் நிற்கும். டிஸ்க் அறைக்குள்தான் இருந்தாக வேண்டும் என்றால் 2.5 அங்குல டிஸ்க்கை ரப்பர் வாஷர்களில் மாட்டுங்கள். இயங்குதளத்துக்கு 128 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். நொடிக்கு 7 ஜிபி வேகம் காட்டும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகள் இங்கே வெப்பத்தை மட்டுமே கூட்டும். ஃபேன் இல்லாத பெட்டியில் ப்ராசஸருக்கு முன்பே சூடேறித் தவிப்பது பெரும்பாலும் இந்த எஸ்எஸ்டிதான். போர்டிலேயே பற்றவைத்த இஎம்எம்சி சேமிப்பகம் தேய்ந்தால் மாற்ற வழியில்லை, தவிர்த்துவிடுங்கள். நினைவகம் 8 ஜிபி போதும். டிடிஆர்4 ஆனால் நினைவக வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைத் தொடாமல் 1.2 வோல்ட்டிலேயே ஓட விடுங்கள்.

மதர்போர்டில் என்னென்ன இல்லை என்று பார்த்து வாங்குவதுதான் முறை. 10 கிகாபிட் நெட்வொர்க், டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டாவுக்கு இரண்டாவது கட்டுப்பாட்டுச் சிப், வண்ண விளக்குகள் என ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வாட். அவற்றைவிட மோசமானது, ஆழ்ந்த தூக்கத்தைத் தடுக்கும் சிப்கள். ப்ராசஸர் சும்மா இருக்கும்போது சி3, சி6, சி8 என்று படிப்படியாக ஆழத்துக்கு இறங்கும். ஜேஎம்பி585 வகைச் சாட்டா கார்டு ஒன்று செருகப்பட்டிருந்தால் முழுச் சிப்பும் சி3-க்குக் கீழே இறங்காமல் நின்றுவிடும். லினக்ஸில் பவர்டாப் என்ற கருவி எந்த நிலையில் எத்தனை சதவீத நேரம் கழிந்தது என்று காட்டும். சி8-இல் பெரும்பகுதி கழிந்தால் நிம்மதி. சி3-இலேயே நின்றால் பயாஸில் ஏஎஸ்பிஎம்-ஐயும் சி-நிலைகளையும் ‘ஆட்டோ’விலிருந்து வெளிப்படையாக இயக்கத்துக்கு மாற்றுங்கள். அப்படியும் நகராவிட்டால் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

ஃபேனே இல்லாத பெட்டியா, மெதுவான ஒரு ஃபேனா? முழுவதும் ஃபேன் இல்லாத கணினி மீது ஆசை எனக்குப் புரிகிறது, என்100-க்கு அது நன்றாகவே ஒத்துவரும். அலுமினியத் துடுப்புகள் செங்குத்தாக, மேலும் கீழும் திறந்தவெளியோடு நிற்க வேண்டும். மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. ஏவி ரிசீவரின் தலைமேல் வைத்தால் அதன் வெப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். கதவுள்ள டிவி அலமாரிக்குள் ஃபேனில்லாப் பெட்டி மெல்ல மெல்ல வேகும். ஐ3 அளவுக்குப் போகிறவர்களுக்கு 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை நிமிடத்துக்கு 500 சுழற்சியில் ஓட விடுவதே என் பரிந்துரை. இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால் அது கேட்காது. பெட்டிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் காற்று கிடைக்கும், எஸ்எஸ்டியும் கண்டென்சர்களும் நீண்ட நாள் வாழும். மினி பிசிக்களில் வரும் 40 மில்லிமீட்டர் ஃபேன் கதை வேறு. அது மிக வேகமாகச் சுழன்றால்தான் காற்று தரும், கூரிய கீச்சுக் குரல் காதைத் தேடி வரும்.

நிலையான சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது. பயாஸின் ஃபேன் வரைபடத்தில் 60 டிகிரி வரை ஒரே தட்டையான கோடு போட்டு, அதற்கு மேல் மெதுவாக ஏற்றுங்கள். வேகம் மாறுமுன் காத்திருக்கும் நேரத்தைக் கொடுக்க வழியிருந்தால் அதிகபட்சமாக வையுங்கள். ப்ராசஸர் நொடிப்பொழுது சூடாகி ஆறுவதற்கெல்லாம் ஃபேன் பதறக் கூடாது. எல்லாம் அடங்கிய பிறகு ‘ச்ச்’ என்ற மெல்லிய மின்னொலி கேட்டால் அது போர்டின் சுருள்களிலிருந்து வருவது. மெனுத் திரை கட்டுப்பாடில்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வரையப்படும்போது இது கூடும். கோடி (Kodi) போன்ற படம் ஓட்டும் மென்பொருளில் திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு ஒத்திசைக்கும் அமைப்பை இயக்கினால் பெரும்பாலும் அடங்கும்.

அதே இடத்தில் படத்தின் சட்டக வேகத்துக்கு ஏற்ப டிவியின் வேகத்தை மாற்றும் அமைப்பையும் இயக்குங்கள். 23.976 வேகப் படத்தைச் சரியாக 24-இல் காட்டினால் ஏறத்தாழ 42 நொடிக்கு ஒருமுறை சின்னத் தடக்கு வரும். 60-இல் காட்டினால் கேமரா நகரும் ஒவ்வொரு காட்சியும் தடுமாறும். ஓடும்போது பிளேயரின் விவரத் திரையை எடுத்துப் பார்த்து, டிகோடர் பெயரருகே வன்பொருள் என்ற குறிப்பு இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிரவுசரில் யூடியூப் பார்க்கிறவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். லினக்ஸில் பல பிரவுசர்கள் வன்பொருள் டிகோடரைத் தாமாகப் பயன்படுத்துவதில்லை. நான்கு கோர்களும் நிரம்பி ஓடுவதும் ஃபேன் எழுவதும் அங்கேதான்.

ரிமோட்டில் எழுப்புவதற்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும். பயாஸில் இஆர்பி அமைப்பை இயக்கினால் அணைந்த கணினி அரை வாட்டுக்கும் கீழே இறங்கும், ஆனால் யுஎஸ்பி துளைகளுக்கு மின்சாரம் நின்றுவிடுவதால் ரிமோட்டின் அகச்சிவப்பு ரிசீவர் குருடாகிவிடும். தூக்க நிலையான எஸ்3-இல் வைத்தால் ஒன்றிரண்டு வாட் செலவில் சில நொடிகளில் எழுந்துவிடும். புதிய போர்டுகள் சிலவற்றில் எஸ்3 இல்லை, வாங்குமுன் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா விசைப்பலகையின் டாங்கிளை யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் செருக வேண்டாம். யுஎஸ்பி 3.0 அதே அலைவரிசையில் இரைச்சல் பரப்புகிறது, விசைகள் விட்டுப்போகும். ஒரு சிறு நீட்டிப்பு வயரில் யுஎஸ்பி 2.0 துளையிலிருந்து முன்னால் கொண்டுவந்தால் தீரும்.

எல்லாம் கூடியதும் அலமாரியில் இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து, கதவை மூடி, இரண்டு மணி நேர 4கே படம் ஒன்றை ஓட விட்டுக் கடைசி பத்து நிமிடத்தின் வெப்பநிலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேர அளவுகள் பயன்படாது, பெட்டியின் உலோகம் அப்போது இன்னும் சூடேறிக்கொண்டே இருக்கும். ப்ராசஸர் 75 டிகிரிக்குள்ளும் எஸ்எஸ்டி 65-க்குள்ளும் நின்றால் தொட வேண்டாம். அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளேயும் 10 டிகிரி கூடும் என்பதால் அந்த இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். எஸ்எஸ்டி மட்டும் மிஞ்சினால் அதையும் பெட்டியின் தகட்டையும் இணைக்கும்படி ஒரு வெப்பப் பட்டையை வையுங்கள். ப்ராசஸர் மிஞ்சினால் ஃபேன் வேகத்தைத் தொடும் முன் பிஎல்2-ஐ இன்னும் 5 வாட் இறக்கிப் பாருங்கள்.